டப்பாவுக்கு முன்னால் ஒரு வலை

"சிங்கப்பூர்ல காடு எங்கே இருக்கு?" என்று ஊரிலிருந்து வரும் உறவினர்கள் கேட்பார்கள். புக்கிட் தீமாவைக் காட்டினால் சிரிப்பார்கள். 163 மீட்டர் உயரத்தை மலை என்று சொல்ல நமக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் காட்டிலும், அதைச் சுற்றியுள்ள பூங்காக்களிலும், தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர் நீளும் பழைய ரயில் பாதையிலும், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு விசித்திரமான கூட்டத்தைப் பார்க்கலாம். கைப்பேசியை உற்றுப் பார்ப்பார்கள். ஒரே மரத்தைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். யாராவது பக்கத்தில் வந்தால் சட்டென்று நிமிர்ந்து வானத்தைப் பார்ப்பார்கள்.

எதையும் தொலைத்துவிடவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் ஒளித்துவைத்த டப்பாவைத் தேடுகிறார்கள். இந்த விளையாட்டின் பெயர் ஜியோகேஷிங்.

2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், ஜிபிஎஸ் சமிக்ஞையில் பொதுமக்களுக்கென்று வேண்டுமென்றே சேர்த்துவைத்திருந்த பிழையை அமெரிக்க அரசாங்கம் நீக்கியது. அதுவரை ஒரு தெரு தள்ளிக் காட்டிய கருவி, திடீரென்று சில மீட்டர் துல்லியத்துக்கு வந்துவிட்டது. அடுத்த நாளே, மே 3ஆம் தேதி, டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலக் காட்டோரத்தில் ஒரு வாளியைப் பாதி புதைத்து, அது இருக்குமிடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட்டார். அதில் போட்ட பொருள்களில் ஒரு டின் பீன்ஸும் இருந்ததாம். கண்டுபிடிப்பவர் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், பதிலுக்கு ஒன்றை வைக்க வேண்டும், குறிப்பேட்டில் பெயர் எழுத வேண்டும். விதிமுறை அவ்வளவுதான். இன்று உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்கள் ஒளிந்திருக்கின்றன. 2008ல் ஒன்றை விண்வெளி நிலையத்துக்கே கொண்டுபோய்விட்டார்கள்.

நம் ஊரில் பெரிய வாளிக்கு இடமில்லை. பெரும்பாலும் பழைய ஃபிலிம் சுருள் டப்பா, மூடி இறுக்கமான சிறிய பிளாஸ்டிக் டப்பா, கைப்பிடிக் கம்பியின் அடியில் ஒட்டிக்கொள்ளும் விரல்நுனி அளவு காந்தக் குப்பி. உள்ளே சுருட்டி வைத்த ஒரு காகிதத் துண்டு. நவம்பர், டிசம்பர் மழைக்குப் பிறகு திறந்தால் அது காகிதமா கஞ்சியா என்று தெரியாது.

செயலியை இலவசமாகவே பதிவிறக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு டப்பாவுக்கும் கடினம் எவ்வளவு, பாதை எப்படி என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளி கொடுத்திருப்பார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் ஒன்றரையைத் தாண்ட வேண்டாம் என்பது என் யோசனை.

விளையாட்டு உண்மையில் தொடங்குவது கடைசிப் பத்து மீட்டரில்தான். மரக்கூரையின் கீழ் ஜிபிஎஸ் புள்ளி இப்படியும் அப்படியும் அலையும். அதற்கு மேல் கைப்பேசி உதவாது. வேர் இடுக்கு, பலகைப் பாலத்தின் அடி, விழுந்த மரத்தின் பொந்து என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பார்த்தால் அங்கே ஏற்கெனவே ஒருவர் குடியிருப்பார், எட்டுக் கால்களோடு.

நம் வீடுகளில் சிலந்தி என்றதும் ஒட்டடைக் குச்சிதான் நினைவுக்கு வரும். உடம்பில் கொப்புளம் வந்தால் 'சிலந்தி ஊர்ந்துவிட்டது' என்று பாட்டி சொல்வார். அதே பாட்டிதான் திருவானைக்காவில் சிவலிங்கத்தின் மேல் சருகு விழாமல் வலைப்பந்தல் போட்ட சிலந்தி, அடுத்த பிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்த கதையையும் சொல்வார். கதையில் கும்பிடு, குளியலறையில் செருப்படி. எட்டுக்கால் பூச்சி என்று நாம் வைத்த பெயரும் பொருந்தாது. பூச்சிக்கு ஆறு கால்கள்தான். சிலந்தி வேறு இனம். தேளுக்கும் உண்ணிக்கும் உறவு.

என் அண்ணன் மகளுக்கு ஒன்பது வயது. குளியலறைச் சுவரில் ஹண்ட்ஸ்மன் சிலந்தி ஒன்று இருந்தால், அண்ணி மருந்து அடித்து முடிக்கும் வரை உள்ளே போகமாட்டாள். உள்ளங்கை அகலத்துக்குக் கால் விரித்து, தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும் பழுப்புச் சிலந்தி அது. பலரும் பார்த்திருப்பீர்கள். அது வலை கட்டாது. இரவில் கரப்பான்பூச்சியை ஓடிப் பிடிக்கும். சில நேரம் வெள்ளைப் பொட்டு போன்ற முட்டைப் பையை வயிற்றுக்கடியில் சுமந்துகொண்டிருக்கும். கரப்பானுக்கும் மருந்து, கரப்பானைத் தின்பதற்கும் மருந்து என்றால் மருந்துக் கம்பெனிக்குத்தான் லாபம். இதை அண்ணியிடம் ஒருமுறை சொன்னேன். அதன் பிறகு சொல்வதில்லை.

ஜியோகேஷிங் போன முதல் சில மாதங்கள், பிள்ளை நடைபாதையின் நட்டநடுவில் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இரண்டு பக்கத்துச் செடியும் தன்மேல் படக்கூடாது. நாங்கள் தேட வேண்டும், அவள் கையெழுத்துப் போட வேண்டும். இது மாறியது தைரியம் சொன்னதால் அல்ல, பெயர் தெரிந்ததால். ஜோசஃப் கோ எழுதி 1989ல் சிங்கப்பூர் அறிவியல் நிலையம் வெளியிட்ட, இங்குள்ள சிலந்திகளைப் பற்றிய சிறிய கையேடு ஒன்று உண்டு. புருணையிலும் ஆஸ்திரேலியாவிலும் சிங்கப்பூரின் தூதராக இருந்தவர் அவர். வேலை வெளியுறவு, மனசு சிலந்தியில். அந்தப் புத்தகத்தின் படங்களைப் பார்த்த பிறகு, பாதையின் நடுவில் நின்றபடியே "அத்தை, அது எது?" என்று கேட்கத் தொடங்கினாள். கேட்கிறவள் கொஞ்சம் எட்டிப் பார்த்துத்தானே ஆகவேண்டும்.

முதலில் பெயர் சொன்னது 'நாலு கால் சிலந்தி'க்கு. இடுப்பளவு புதரில் வட்ட வலை கட்டி, நடுவில் தலைகீழாக நிற்கும். எட்டுக் கால்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்து வைத்துக்கொள்வதால் நான்கு கால் போலத் தெரியும். வலையில் அதே பெருக்கல் குறி வடிவத்தில் வெள்ளை இழையால் வளைந்து வளைந்து தையல் போட்டிருக்கும். ஆர்ஜியோப்பி என்பது அதன் பேரினப் பெயர். அந்தத் தையல் எதற்கு? பூச்சியைக் கவர்வதற்கு என்கிறார்கள் சிலர். பறவை வலையைக் கண்டு விலகுவதற்கு, சிலந்தி தன்னை மறைத்துக்கொள்வதற்கு என்றும் சொல்கிறார்கள். ஆராய்ச்சியாளர்களின் வாதம் ஓயவில்லை. நம் நிழல் பட்டாலே அது வலையை ஊஞ்சல் போல ஆட்டும். பிள்ளைக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

வலையைப் படிக்கத் தெரிந்தால்

டப்பா தேடுகிறவர்களுக்குச் சிலந்தி வலை ஒரு தகவல் பலகை. பொந்தின் வாயில் வலை இருந்தால், சமீபத்தில் யாரும் அங்கே கை விடவில்லை என்று பொருள். ஆனால் 'சமீபத்தில்' என்றால் எவ்வளவு நாள்? அதைச் சிலந்தியின் இனம்தான் சொல்லும்.

வட்ட வலை கட்டும் பல சிலந்திகள் பழைய வலையைத் தின்றுவிட்டு அன்றாடம் புதிதாகக் கட்டுகின்றன. இழை செய்யச் செலவான புரதம் வீணாகக்கூடாது என்ற சிக்கனம். அப்படிப்பட்ட வலை, இன்று காலையிலிருந்து யாரும் வரவில்லை என்று மட்டுமே சொல்லும். நேற்று மாலை பத்துப் பேர் கை விட்டிருக்கலாம். கூடாரச் சிலந்தி வேறு ரகம். வேலிச்செடியில் கொசுவலையைக் கட்டித் தூக்கிவிட்டது போன்ற அதன் வலையில் பசை கிடையாது. அது நாள்கணக்கில் நிலைத்திருக்கும். அந்த வலைக்குப் பின்னால் டப்பா இருக்கும் என்று நான் தேடமாட்டேன்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பவள் பொன்வலைச் சிலந்தி. நெஃபிலா என்ற பெயரில் பலருக்குத் தெரிந்திருக்கும். பெண்ணின் உடல் மட்டும் நாலைந்து சென்டிமீட்டர். கால்களையும் சேர்த்தால் பெரியவர் கையளவு. வலை ஒரு மீட்டருக்கு மேல் அகலும், சிறு பறவைகள்கூடச் சில சமயம் சிக்கும் அளவுக்கு உறுதி. காலை வெயில் பட்டால் இழை நிஜமாகவே தங்க நிறம். மடகாஸ்கரில் இதன் உறவுக்காரச் சிலந்திகள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவற்றிடமிருந்து இழை எடுத்து நெய்த மேலங்கி ஒன்று, 2012ல் லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தது. சாயம் போடாத பொன்னிறம். காஞ்சிபுரம் பட்டின் விலையைப் பற்றி இனி குறைபட்டுக்கொள்ள வேண்டாம்.

பொன்வலைச் சிலந்தி தினமும் முழு வலையையும் பிரிப்பதில்லை. கிழிந்த பகுதியை மட்டும் சீர்செய்யும். அதனால் வலையைச் சுற்றிப் பழைய இழைகளும் சருகும் தின்று முடித்த பூச்சிகளின் தோலும் சேர்ந்திருக்கும். உற்றுப் பார்த்தால் அதே வலையில் பனித்துளி போலப் பளபளக்கும் குட்டிச் சிலந்திகள் தெரியும். அவை வேறு இனம், வாடகை கொடுக்காமல் தங்கி, சிக்கும் சில்லறை இரையைத் திருடித் தின்பவை. இன்னொன்றும் இருக்கும்: ஐந்தாறு மில்லிமீட்டரில், பெண்ணின் முதுகுக்குப் பின்னால் பயந்து பயந்து நிற்கும். அதைப் பார்த்து எல்லோரும் "ஐயோ, குட்டி!" என்பார்கள். குட்டி இல்லை. அதுதான் மாப்பிள்ளை.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு. எந்தப் பாதை என்று சொல்லமாட்டேன், அந்த டப்பாவை இன்னும் தேடாதவர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஒன்றரை மணி நேரம் நடந்து இடத்தை அடைந்தோம். பாதையோரத்தில் அடிமரம் ஒன்று. அதன் பொந்தில்தான் டப்பா என்று குறிப்பு ஏறக்குறைய நேரடியாகவே சொன்னது. பொந்துக்கும் எங்களுக்கும் நடுவில், என் தோள் உயரத்தில், பொன்வலைச் சிலந்தி.

அண்ணன் ஒரு குச்சியை எடுத்தார். "ஓரமா ஒரு நூலை வெட்டினா போதும். ரெண்டு நாள்ல திரும்பக் கட்டிக்கும்."

"வேணாம்ப்பா. இது பழைய வலை. எவ்வளவு சருகு பாருங்க."

"பழசா இருந்தா என்ன?"

"பழசுன்னா இந்தப் பக்கமா யாரும் கை விடலைன்னு அர்த்தம். போன வாரம் ஒருத்தர் கண்டுபிடிச்சதா எழுதியிருக்காரு. அவர் வேற பக்கமா எடுத்திருப்பாரு."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. மறுபக்கம் பாதைக்கு வெளியே, முட்செடி. அங்கே கால் வைக்கக்கூடாது. பாதையில் நின்றபடியே எட்டிய மட்டும் டார்ச் அடித்துப் பார்த்தோம். இருபது நிமிடம். எதுவும் தெரியவில்லை. அண்ணன் குச்சியைக் கீழே போடவும் இல்லை, ஓங்கவும் இல்லை. ஒன்றரை மணி நேரம் வெயிலில் நடந்து வந்தவருக்கு அந்தக் குச்சி எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியும். பிள்ளை வலைக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள். ஆறு மாதம் முன்பு பாதையின் நடுக்கோட்டை விட்டு நகராதவள், முதுகுக்கு ஒரு முழம் பின்னால் கையளவு சிலந்தி இருக்க, அப்படியே நின்றாள்.

கிடைக்கவில்லை என்றால் செயலியில் அப்படியே பதியலாம். அதற்கும் ஒரு குறி உண்டு. அன்று அவளே தட்டச்சு செய்தாள்: கிடைக்கவில்லை, முன்னால் நெஃபிலா வலை இருந்தது, உடைக்கவில்லை, பாதையிலிருந்து எடுக்கிற மாதிரி டப்பாவை மாற்றி வைக்க முடியுமா? மூன்று வாரம் கழித்து டப்பாவை வைத்தவர் பதில் எழுதினார். வலை உடைகிறதோ இல்லையோ, முட்செடிப் பக்கம் ஆட்கள் மிதித்துத் தடமே போட்டுவிட்டார்களாம். டப்பாவைப் பாதையின் எதிர்ப்புறத்துக் கம்பிக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார். நாங்கள் இரண்டாவது முறை போனபோது ஐந்தே நிமிடத்தில் கிடைத்தது. அண்ணன் இன்றும் ஒரு குச்சி போதும் என்றுதான் சொல்கிறார்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சிறிய காட்டில் பொந்துக்குள்ளும் புதருக்குள்ளும் டப்பா வைப்பதே சரியல்ல. ஒளித்துவைப்பதில் திறமை காட்ட வேண்டுமென்றால் பாலம், கம்பி, பலகை என்று மனிதர் கட்டியவை எத்தனையோ இருக்கின்றன. நிலத்துக்குப் பொறுப்பானவரிடம் அனுமதி பெற வேண்டும் என்பது விளையாட்டின் சொந்த விதியே. இயற்கை வனப்பகுதியில் பாதையைவிட்டு விலகுவதும், அனுமதியின்றி எந்த உயிரினத்தையும் எடுத்துச் செல்வதும் இங்கே குற்றம். சிலந்தியும் உயிரினம்தான்.

தீப்பெட்டிக்குள் ஒரு வீரன்

இதைச் சொன்னால் அறுபது வயதைத் தாண்டியவர்கள் புன்னகைப்பார்கள். வானொலியில் ஒருமுறை சிலந்தியைப் பற்றிப் பேசினேன். பயந்த கதைகள் வரும் என்று எதிர்பார்த்தால், செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் வளர்ந்த பெரியவர் ஒருவர் அழைத்து, தன் 'சாம்பியனை'ப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையசைத்தும் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

சண்டைச் சிலந்தி என்று சொல்வார்கள். குதிக்கும் சிலந்தி வகை, விரல் நகத்தில் அடங்கும் அளவு, கறுப்பு உடலில் நீலப்பச்சை மினுக்கு. ஒன்றின்மேல் ஒன்று படிந்த இரண்டு இலைகளை இழையால் ஒட்டி, நடுவில் குடியிருக்கும். அந்தக் காலத்துப் பையன்கள் ஒட்டிய இலைகளைத் தேடித் தேடிப் பிரிப்பார்கள். தீப்பெட்டியில் ஈரத்துக்கு ஒரு இலைத் துண்டு வைத்து வளர்ப்பார்கள். இரண்டு ஆண் சிலந்திகளை எதிரெதிரே விட்டால், முன்னங்கால்களை விரித்து ஒன்றையொன்று தள்ளும். பெரும்பாலும் உயிர்ச்சேதம் இருக்காது, தோற்றது பின்வாங்கி ஓடும். மிங் செர் 1995ல் எழுதிய 'ஸ்பைடர் பாய்ஸ்' நாவல் அந்தப் பையன்களின் உலகம்தான்.

அழைத்த பெரியவர் சொன்னதில் ஒன்று மறக்கவில்லை. கம்பம் போய்ப் புளோக் வந்த பிறகு சிலந்தி காணாமல் போகவில்லையாம், தேடுகிற பையன்கள்தான் காணாமல் போனார்களாம். அவர் சொன்னது சரிதான். சண்டைச் சிலந்தி இன்றும் செடிகளில் ஒட்டிய இலைகளுக்கு நடுவே இருக்கிறது. இலையைப் பிரிக்காமல், வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தால் நிழல் தெரியும். அதுவே போதும்.

குதிக்கும் சிலந்திகளுக்காகக் காட்டுக்குப் போகவே தேவையில்லை. புளோக்கின் ஓரத்தில் வேலியாக நட்டிருக்கும் வெட்சியை, இட்லிப்பூ என்று நாம் சொல்வதை, நின்று பாருங்கள். அதில் திரியும் ஒரு வகைச் சிலந்தியைத்தான் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2007ல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். ஆணின் உடலில் புறஊதா ஒளியைத் திருப்பி வீசும் பட்டைகள் உண்டு. புறஊதா ஒளி பட்டால் பெண்ணின் முகத்தருகே உள்ள உறுப்புகள் பச்சையாக ஒளிரும். அந்த ஒளியை மறைத்துவிட்டால் பொண்ணு பார்க்கும் படலமே தடுமாறிவிடுகிறது. நம் கண்ணுக்கு அது எதுவும் தெரியாது. பூப்பறிக்க வந்தவர்போல நின்றுவிட்டுப் போகிறோம்.

இன்னொன்று எறும்பு வேடக்காரன். கெரெங்கா எறும்பைத் தெரியும்தானே? இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும், கடித்தால் கண்ணீர் வரும் செவ்வெறும்பு. அதன் அச்சாக ஒரு சிலந்தி உண்டு. இடுப்பு ஒடுங்கி, நிறமும் நடையும் அதேபோல. முன்னங்கால் இரண்டையும் தூக்கி எறும்பின் உணர்கொம்புபோல ஆட்டும். காலை எண்ணுங்கள், எட்டு வரும். எண்ணிக்கொண்டிருக்கும்போது உண்மையான கெரெங்கா உங்கள் காலில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டப்பா தேடுகிறவர்கள் பயப்பட வேண்டியது அதற்கும் குளவிக்கும் பூரானுக்கும்தான். இந்தப் பாதைகளில் நான் மேலே சொன்ன சிலந்திகள் எவையும் மனித உயிருக்கு ஆபத்தானவையாக அறியப்படவில்லை. அதற்காகத் தொட வேண்டாம். பெரியவை கடித்தால் வலிக்கும். வீக்கம் கூடினால் மருத்துவரைப் பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கை விடாதீர்கள். முதலில் டார்ச், பிறகு குச்சி, அதன் பிறகே கை. மூடிய காலணி, தொப்பி, கொசு மருந்து, பேனா. ஆமாம், பேனா. பாதிப் பேர் மறப்பது அதைத்தான். காலை ஏழரைக்குள் கிளம்பினால் வெயிலும் இடியும் வருமுன் திரும்பலாம். வலையில் பனியும் அப்போதுதான் நிற்கும். குழந்தைகளோடு முதல்முறை என்றால், பழைய ரயில் பாதையில் கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி அருகே இரும்புப் பாலத்திலிருந்து வடக்கே நடப்பது சுலபம். சமதரை, இரண்டு பக்கமும் புதர். அந்தத் தண்டவாளத்தில் ஒரு காலத்தில் எத்தனையோ தமிழர்கள் வேலை பார்த்தார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே போகலாம். வார இறுதியில் சைக்கிள்கள் வேகமாக வரும், ஓரமாக நின்று தேடுங்கள்.

புக்கிட் தீமா காட்டை மாலை ஏழு மணிக்கு மூடிவிடுவார்கள். வேலை முடிந்து வருகிறவர்கள் வருத்தப்பட வேண்டாம். இருட்டிய பிறகு புளோக்கின் கீழே இருக்கும் புல்தரையே போதும். டார்ச்சைக் கையில் தாழ்த்திப் பிடிக்காமல், கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றிப்பொட்டின் உயரத்தில் பிடித்துப் புல்லைப் பாருங்கள். ஆங்காங்கே நீலப்பச்சைப் பொறிகள் மின்னும். பனித்துளி என்றுதான் தோன்றும். பக்கத்தில் போனால் பொறி நகரும். ஓநாய்ச் சிலந்தியின் கண்கள் அவை. பூனைக்கண் போல ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. அதிர்ஷ்டம் இருந்தால் ஒரே இடத்தில் ஒரு பெரிய பொறியும் அதைச் சுற்றிப் பத்து இருபது பொடிப் பொறிகளும் தெரியும். முதுகில் குஞ்சுகளைச் சுமந்துகொண்டு தாய் நிற்கிறது. சென்ற மாதம் எங்கள் புளோக்கின் கீழே அதை முதலில் பார்த்தது அண்ணி.